படகுக் கூரைத் துணியில் வளையும் சோலார் பேனல்: ஒட்டாதீர்கள், கழற்றும்படி பூட்டுங்கள்

ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் என் மாமா ஒரு பைபர் படகு வைத்திருக்கிறார். எட்டுப் பேர் உட்காரலாம், பின்னால் சின்ன எஞ்சின், மேலே குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கென்வஸ் நிழல். அந்தக் கென்வஸின் மேல் இரண்டு வளையும் சோலார் பேனல் பூட்டியிருக்கிறோம், இப்போது மூன்றாவது வருடம் நன்றாக ஓடுகிறது. அதற்கு முன்னால் பூட்டிய முதல் பேனல் எட்டு மாதம்தான் தாங்கியது.

அந்த முதல் பேனலை நான் சிலிக்கன் பசை போட்டு கென்வஸோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். முழு முதுகும் ஒட்டினால் காற்றுக்கு அசையாது என்று நினைத்தேன். கென்வஸ் சும்மா இருக்காதே. மழையில் நனைந்தால் இறுகும், வெயிலில் தளரும், காற்றில் நாள் முழுக்கப் படபடக்கும், அது இழுக்கும் இழுப்பெல்லாம் ஒட்டியிருந்த பேனலுக்குள் போனது. உள்ளே இருக்கும் சிலிக்கன் செல் 0.2 மில்லிமீட்டர் தடிப்புக்கூட வராது. வெளி பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், செல் கொடுக்காது. ஒரு நாள் மாமா கூப்பிட்டு, "தம்பி, மேல ஒரு இடத்துல காபி கொட்டின மாதிரி இருக்கு, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தால் ஒரு செல்லில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குப் பழுப்பாகக் கருகிய புள்ளி. பேனலைப் பிய்த்து எடுத்ததும் அதற்கு நேர் கீழே கென்வஸும் கருகி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. உடைந்த செல்லில் மின்சாரம் போக வழியில்லாமல் அந்த இடம் சூடாகிக்கொண்டே இருந்திருக்கிறது. படகில் ஆட்கள் உட்கார்ந்து போயிருக்கிறார்கள், தலைக்கு மேலே அந்தச் சூடு. இதை எழுத உட்கார்ந்ததே அந்தப் புள்ளியால்தான்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கென்வஸ் வேறு, பேனல் வேறு. பேனலைக் கென்வஸ் தாங்கலாம், இழுக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் தனி ஆளாகக் கழற்ற முடியாதபடி எதையும் பூட்டாதீர்கள். கீழே சொல்வது படகை வைத்துத்தான், ஆனால் நுவரெலியா பக்கம் ரோட்டோரம் படங்கு கட்டி மரக்கறி விற்பவர்களும் இதே முறையில் செய்துகொள்ளலாம்.

ஏன் கண்ணாடிப் பேனல் வேண்டாம்

வீட்டுக் கூரைக்கு நான் எப்போதும் கண்ணாடிப் பேனலைத்தான் சொல்வேன், அது 25 வருடம் உழைக்கும். படகில் விஷயம் வேறு. 100 வாட் கண்ணாடிப் பேனல் ஒன்று ஆறேழு கிலோ வரும், அதே 100 வாட் வளையும் பேனல் சுமார் இரண்டு கிலோதான். சின்னப் படகில் தலைக்கு மேலே பாரம் ஏறினால் படகு ஆடும் ஆட்டமே மாறிவிடும். மெல்லிய குழாய்ச் சட்டமும் அந்தப் பாரத்துக்குச் செய்ததில்லை. ஆனால் வளையும் பேனலின் ஆயுள் குறைவு என்பதை மனதில் வைத்துத்தான் காசைப் போட வேண்டும். மலிவானவை மூன்று நான்கு வருடத்தில் தளர்ந்துவிடும். கழற்றி மாற்றும்படி பூட்டச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் கணக்கு

மாமாவுக்குத் தேவை இவ்வளவுதான்: 5 வாட் எல்ஈடி லைட் இரண்டு, தினம் நான்கு மணி நேரம், அது 40 வாட்-மணி. படகில் வருகிறவர்களின் போன் ஆறு என்று வைத்தால், ஒரு போனுக்குச் சுமார் 15 வாட்-மணி வீதம் 90. அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் 36 வாட், இருபது நிமிடம் ஓடினால் 12. மொத்தம் 142. வழியில் வீணாவதையும் சேர்த்து 175 என்று வைத்துக்கொண்டேன்.

நல்ல வெயில் நாளில் தட்டையாகக் கிடக்கும் 100 வாட் பேனல் 300 முதல் 375 வாட்-மணி வரை தரும். அப்படிப் பார்த்தால் ஒன்றே போதும். ஆனால் இது மலைநாடு. பனிமூட்டம் இறங்கி வானம் மூடிக் கிடக்கும் நாளில் அதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே நல்லது. அதனால்தான் இரண்டு போட்டோம். தென்மேல் பருவமழைக் காலத்தில், மே கடைசி முதல் செப்டம்பர் வரை, இந்தப் பக்கம் வெயிலை நம்பிக் கணக்குப் போடவே வேண்டாம். மாமாவுக்கு அதில் ஒரு வசதி உண்டு. சிவனொளிபாதமலைப் பருவகாலம் டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது, ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாகப் போகிறவர்கள் படகுக்கு இறங்குவதும் அப்போதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆட்கள் வரும் காலமும் வெயில் வரும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

பேனலைச் சாய்த்து வைக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். நாம் இருப்பது வட அகலக்கோடு 7 பாகையில். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், டிசம்பரில்கூட நண்பகலில் 60 பாகை உயரத்தில் இருக்கும். தட்டையாகப் போட்டால் போதும், தண்ணீர் வழிந்தோடும் அளவுக்கு மெல்லிய சரிவு இருந்தால் சரி. குளிரும் நமக்கு உதவிதான். பேனல் 25 பாகைக்கு மேல் சூடாகும் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.4 சதவீதம் சக்தி குறையும், மேலே குளிர்காற்று அடிப்பதால் கடற்கரையில் இழக்கும் அளவுக்கு இங்கே இழப்பதில்லை.

பேனல் வாங்கும்போது

மேல்தோல் ஈடிஎப்ஈ என்ற பிளாஸ்டிக்காக இருப்பதை வாங்குங்கள். பெட் என்று சொல்லும் மலிவான பிளாஸ்டிக் ஒன்றிரண்டு வருடத்தில் மங்கி மஞ்சளடித்துவிடும். ஈடிஎப்ஈ மேல் கையைத் தடவினால் பெரும்பாலும் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சொரசொரப்பு தெரியும். முதுகுப் பக்கம் பைபர் தகடா என்று பாருங்கள். நான்கு ஓரத்திலும் செல் இல்லாத வெறும் விளிம்பு குறைந்தது 2 சென்ரிமீட்டராவது இருக்க வேண்டும், தைப்பதற்கு அது தேவை.

கடைக்கு மல்டிமீட்டரைக் கொண்டு போங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. வெயிலில் வைத்து இரண்டு முனையிலும் வோல்ட் பாருங்கள், 12 வோல்ட் வேலைக்கான 100 வாட் பேனல் 20 முதல் 22 வோல்ட் காட்ட வேண்டும். வோல்ட் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அது மங்கலான வெளிச்சத்திலும் வந்துவிடும். மீட்டரை 10 அம்பியர் இடத்துக்கு மாற்றி, நேரடியாக இரண்டு முனையையும் தொட்டுப் பாருங்கள். நல்ல வெயிலில் ஐந்து அம்பியருக்கு மேல் வர வேண்டும். நான் ஒருமுறை 100 வாட் என்று எழுதியிருந்த பேனலைச் சோதிக்காமல் வாங்கி வந்தேன், நடுப்பகலில் மூன்றுகூடத் தாண்டவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.

இடம் பார்ப்பது

பேனல் அளவுக்கு ஒரு காட்போட் வெட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 1.2 மீட்டருக்கு 54 சென்ரிமீட்டர் வரும், ஆனால் கம்பனிக்குக் கம்பனி மாறும், கையில் பேனல் வந்த பிறகே வெட்டுங்கள். அதைக் கென்வஸ் மேல் வைத்துவிட்டு காலை எட்டு மணிக்கு ஒருதடவை, பன்னிரண்டுக்கு ஒருதடவை, மூன்றுக்கு ஒருதடவை நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பாய்மரப் படகுக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. அவர்கள் பிமினி என்று சொல்லும் நிழல்துணிக்கு நேர் மேலேயே பாயின் அடிக்கட்டை போகும், பாய்மரமும் கயிறுகளும் வேறு. திருகோணமலையில் நங்கூரமிட்டு நிற்கும் பாய்மரப் படகுகளில் அந்தக் கட்டையைக் கயிற்றால் ஒரு பக்கம் இழுத்துக் கட்டிவிடுவார்கள், நிழல் பேனலை விட்டு விலகும். நமக்குப் பாய் இல்லை, ஆனால் படகைக் கட்டும் இடத்தில் சவுக்கு மரம் இருக்கிறது. மாமா பகலில் படகைக் கட்டும் இடத்தையே முப்பது அடி தள்ளி மாற்றினார், அந்த ஒரு மாற்றம் இன்னொரு பேனல் வாங்கியதற்குச் சமம்.

நிழல் என்ன செய்யும் என்று நம்பாதவர்கள் ஒரு செல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தேன், நாலரை அம்பியர் காட்டிய மீட்டர் ஒன்றுக்குக் கீழே விழுந்தது. பேனலில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால் ஒன்று அடைபட்டால் வரிசையே அடைபடும். இரண்டு பேனலையும் பக்கவாட்டில், அதாவது பிளஸ் பிளஸோடு, மைனஸ் மைனஸோடு சேர்க்கச் சொல்வது இதனால்தான். ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றது தன் பாட்டில் வேலை செய்யும்.

வளைவையும் இப்போதே அளந்துவிடுங்கள். 30 பாகை வளையும் என்று அட்டையில் போட்டிருந்தால், 1.2 மீட்டர் பேனலின் நடுப்பகுதி ஓரங்களைவிட 7 அல்லது 8 சென்ரிமீட்டர் உயர்ந்தாலே அந்த எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம். நான் அதில் பாதிக்கு மேல் போகவிடுவதில்லை, 4 சென்ரிமீட்டர். படகுக் கூரை இடம் வலமாகத்தான் வளைந்திருக்கும், ஆகவே பேனலின் நீளத்தை முன்பின்னாக வைத்தால் குறுகிய பக்கம் மட்டும்தான் வளையும், அதற்கு வருத்தம் குறைவு. இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் வளைய விடவே கூடாது. சட்டக்குழாய் பேனலின் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும் இடத்தையும் தவிருங்கள், செல் முதலில் உடைவது அங்கேதான்.

தையல்

இது சாதாரணத் தையல்காரர் வேலையில்லை. த்ரீவீல் ஹூட் தைக்கும் குஷன் கடைக்குப் போங்கள், ஹட்டனில் நான் போனது அப்படி ஒரு கடைக்குத்தான், அவர்களிடம் தடிப்புத் துணி இழுக்கும் மெஷின் இருக்கிறது. நூலை மட்டும் நீங்களே கொண்டு போங்கள்: வெயில் தாங்கும் பொலியெஸ்டர் நூல். பருத்தி நூல் நம் ஈரத்தில் மக்கிவிடும், நைலோன் வெயிலில் போய்விடும். பேனலைக் கூரையோடு பூட்டுவது சிப்பால்தான், பைகளில் இழுத்து மூடுவோமே அது. அது பெரிய பிளாஸ்டிக் பல் உள்ளதாக இருக்கட்டும், இரும்புப் பல் துருப்பிடித்து இறுகும்.

வேலை இப்படி. கூரைக் கென்வஸ் துணியிலேயே மூன்று அங்குல அகலப் பட்டி வெட்டி, இரண்டாக மடித்து, பேனலின் ஓரத்தை அந்த மடிப்புக்குள் வைக்க வேண்டும். உள்ளே இருபக்கமும் ஒட்டும் தடித்த டேப் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பிறகு பேனலின் வெளி ஓரத்திலிருந்து அரை சென்ரிமீட்டர் உள்ளே ஒரே ஒரு தையல். தையல் நீளமாக இருக்க வேண்டும், 4 அல்லது 5 மில்லிமீட்டர். நெருக்கித் தைத்தால் முத்திரை ஓரத்து ஓட்டை மாதிரி ஆகி அந்த வரியிலேயே கிழியும். ஊசி செல்லின் பக்கமோ, செல்களைச் சேர்க்கும் வெள்ளிக் கோட்டின் பக்கமோ போகவே கூடாது. தைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். தைத்து முடிந்ததும் ஊசி ஓட்டைகள் மேல் மெல்லிசாகச் சிலிக்கன் பசை ஓடவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது. சிலிக்கனுக்கு இங்கே இடம் அவ்வளவுதான்.

நீளப் பக்கம் இரண்டிலும் சிப்பின் ஒரு பாதி பட்டியில், மறு பாதி கூரைக் கென்வஸில். முன்பக்கம், அதாவது படகு ஓடும்போது காற்று வந்து மோதும் பக்கம், கென்வஸில் ஒரு பை மாதிரி மடிப்புத் தைத்து பேனலின் முன் ஓரத்தை அதற்குள் நுழைத்துவிடுங்கள். பின்பக்கத்துக்கு வெல்க்ரோ போதும். முன் ஓரத்தில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று இந்த அளவுப் பேனலுக்கு அடியில் புகுந்தால் சுமார் 9 கிலோ பாரத்தில் தூக்கும். வேகம் இரட்டித்தால் தூக்குவது நான்கு மடங்கு, 36 கிலோ. வெல்க்ரோவை முன்பக்கம் வைத்தவர்கள் பேனலைத் தண்ணீரில் தேடியிருக்கிறார்கள்.

கூரைக் கென்வஸில் சிப் வரும் கோட்டைத் தரையில் விரித்து வைத்துக் குறிக்காதீர்கள். சட்டத்தில் ஏற்றி, இழுத்துக் கட்டி, அதன் மேல் பேனலை வைத்துச் சோக்கால் குறியுங்கள். தரையில் குறித்தால் இழுத்துக் கட்டியதும் ஒரு சென்ரிமீட்டராவது விலகும், அந்த ஒரு சென்ரிமீட்டரைப் பேனல்தான் வளைந்து சமாளிக்கும்.

இன்னொன்று, நான் இரண்டாம் தடவையில் சேர்த்தது: பேனலுக்கும் கென்வஸுக்கும் நடுவே விளம்பரப் பலகை செய்பவர்கள் பாவிக்கும் உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் தகடு ஒன்று. குழல்கள் முன்பின்னாக இருக்கும்படி வெட்டினால் கூரை வளைவோடு படிந்து போகும். பேனல் படபடப்பதை அது நிறுத்துகிறது, குழாயின் புடைப்பை மறைக்கிறது, சூடு கென்வஸுக்குப் போவதையும் குறைக்கிறது. மூலைகளை உருட்டி வெட்டுங்கள், இல்லாவிட்டால் கென்வஸைக் குத்தும்.

வயர் வேலை

வயர் போடும் நேரம் முழுக்கப் பேனல் மேல் ஒரு தடித்த துணியைப் போட்டு மூடிவிடுங்கள். வெயில் பட்டால் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

பேனலிலிருந்து கன்ட்ரோலருக்கு, அதாவது பேனலின் கரண்டைப் பெட்டரிக்கு ஏற்றபடி அளந்து விடும் பெட்டிக்கு, 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர். எங்கள் படகில் நான்கு மீட்டர் தூரம், இரண்டு பேனலும் சேர்ந்து 11 அம்பியர், வழியில் போவது அரை வோல்ட்டுக்கும் குறைவு. வீட்டு லைட்டுக்குப் போடும் 1.5 வயரைப் போட்டால் ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். இணைப்புகள் எல்லாம் எம்சி4 என்று கேட்டு வாங்கும் கிளிக் பூட்டுகளாக இருக்கட்டும், முறுக்கி டேப் சுற்றியது நம் ஈரத்தில் ஆறு மாதம் தாங்காது. வயரைக் குழாயோடு சேர்த்து இறக்கிக் கறுப்புக் கேபிள் டையால் கட்டுங்கள், வெள்ளை டை வெயிலில் நொறுங்கும். கன்ட்ரோலருக்குள் நுழைவதற்கு முன் வயரை ஒரு தொங்கலாகக் கீழே விட்டு மேலே ஏற்றுங்கள். வயர் வழியே வரும் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

கன்ட்ரோலர் 20 அம்பியர், சாதாரண பிடபிள்யூஎம் வகை போதும். அதைவிட விலை கூடிய எம்பிபிடி வகை போட்டால் மூட்டமான நாளில் கொஞ்சம் கூடக் கிடைக்கும், காசு இருந்தால் போடுங்கள். பெட்டரி நாங்கள் போட்டது 12 வோல்ட், 30 அம்பியர்-மணி, லிதியம் இரும்பு பாஸ்பேட். ஈயப் பெட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 60 எடுக்க வேண்டும், பாரமும் நான்கு மடங்கு. கன்ட்ரோலரில் எந்த வகைப் பெட்டரி என்று அமைக்க மறந்துவிடாதீர்கள்.

பெட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 அம்பியர் பியூஸ். இதை விட்டுவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது பதைக்கிறது. பைபர் படகு, பக்கத்தில் பெட்ரோல் கேன், நடுத்தண்ணீர், எங்கே இறங்கி ஓடுவது?

இணைக்கும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பெட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல், அப்புறம் பெட்டரி. பெட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் பல கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகும்.

பூட்டிய பிறகு

முதல் வாரம் தினமும் மத்தியானம் கன்ட்ரோலரில் அம்பியரைப் பாருங்கள், உங்கள் இடத்துக்கு எது வழக்கமான அளவு என்று பிடிபடும். அப்புறம் வாரம் ஒருமுறை கையால் பேனலின் மேற்பரப்பைத் தடவிப் பாருங்கள், ஓரிடம் மட்டும் சுடுகிறதா, பழுப்பாகிறதா என்று. அப்படி இருந்தால் அன்றைக்கே கழற்றுங்கள். இன்னும் கரண்ட் வருகிறதே என்று விட்டுவைக்க வேண்டாம்.

கழுவ மெல்லிய துணியும் தண்ணீரும் போதும். கடல் உப்பு நமக்கு இல்லை, ஆனால் பட்டி ஓரத்தில் பச்சையாகப் பாசி பிடிக்கும், அது மெதுவாக வளர்ந்து செல் மேல் நிழல் போடும். பல் தேய்க்கும் பழைய பிரஷால் ஓரத்தை மட்டும் தேய்த்துவிடுங்கள். கென்வஸைச் சுருட்டி வைக்கும் பழக்கம் இருந்தால், பேனலைக் கழற்றிய பிறகே சுருட்டுங்கள். வளையும் பேனல் என்றால் சுருட்டும் பேனல் இல்லை.

வெசாக் முடிந்த வாரம் மாமா இரண்டையும் கழற்றிவிடுவார். முதலில் எம்சி4 பூட்டை விடுவிப்பார், பின்னால் வெல்க்ரோ, இரண்டு சிப், கடைசியாக முன் ஓரத்தைப் பையிலிருந்து இழுப்பார். வீட்டில் கட்டிலுக்கு அடியில் தட்டையாக, இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய போர்வை. பருவமழைக் காற்று நீர்த்தேக்கத்தின் மேல் அடிக்கும் மாதங்கள் முழுக்க அவை அங்கேதான் இருக்கும். டிசம்பரில் திரும்பப் பூட்டுவதற்கு முன் மேகமில்லாத ஒரு நண்பகலில் முற்றத்தில் வைத்து ஒவ்வொன்றிலும் அம்பியர் பார்த்து, பேனலுக்கு அடியில் வரும் பிளாஸ்டிக் தகட்டில் திகதியோடு பென்சிலால் எழுதிவைக்கிறோம். முதல் வருடம் இடப்பக்கத்துப் பேனலில் 5.4, அடுத்த வருடம் 5.3, போன டிசம்பரில் 5.1. நாலரைக்கு இறங்கும் வருடம் அதை மாற்றுவோம், சிப்பும் பையும் அப்படியே இருக்கும்.